பொட்டு வைக்காத கேசட்

புதிதாகச் சேர்ந்திருக்கும் மூவருக்கும் வணக்கம். வேலையை விட்டுப் போகிறவள் நாலு வார்த்தை எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெறுகிறவளுக்கு அனுபவம் பேசும் தகுதி உண்டா என்று நிறைய யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஓய்வு என்பது அலுவலகம் வைத்த பெயர். எனக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது என்பதுதான் விஷயம். ஒரு குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொரு குழந்தை வந்து சேர்வதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தவர் நிச்சயம் ஒரு ஆணாகத்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் என்ன வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று உங்கள் வீட்டில் இன்னும் புரிந்திருக்காது. கவலைப்படாதீர்கள், கடைசி வரை புரியாது. துடியலூரில், கீழே மோட்டார் பம்பு விற்கும் கடை, மாடியில் நாம். நாம் செய்வது வீடியோ கேம். ஆனால் போனில் ஆட முடியாது, இணையத்தில் இறக்கிக்கொள்ள முடியாது. தொண்ணூறுகளில் கோடை லீவில் பக்கத்து வீட்டு டிவியில் ஆடினோமே, அதே மாதிரி கட்டம் கட்டமான பொம்மைகள், அதே கீச்சுக்குரல் இசை, அதே பிளாஸ்டிக் கேசட். உலகமே ஆகாயத்திலிருந்து ஆட்டத்தை இறக்கிக்கொண்டிருக்கும்போது நாம் பார்சல் ஆபீஸில் வரிசையில் நின்று ஆட்டம் அனுப்புகிறோம். இதற்குப் பெயர் தொலைநோக்கு என்று அண்ணன் சொல்வார்.

அண்ணன் என்றால் நம் முதலாளி. வெள்ளகோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். அவருடைய அப்பா அங்கே எண்ணெய் மில் வைத்திருக்கிறார். மகன் அந்த மில்லைப் பார்த்துக்கொள்ளாமல் பொம்மை செய்து விற்கிறான் என்ற வருத்தம் அவருக்கு உண்டு. பொம்மை என்பது சரியான வார்த்தை இல்லை என்று மகனுக்கு வருத்தம்.

நான் சேர்ந்த புதிதில் ஒருவர் போன் செய்தார். முந்தின வாரம் கேசட் வாங்கியவர். மூன்றாவது லெவலில் வரும் நாய் ரொம்ப வேகமாக ஓடி வருகிறதாம்.

“அப்டேட் எப்பங்க வரும்?” என்று கேட்டார்.

“வராதுங்க,” என்றேன்.

“இந்த மாசம் வராதுங்களா?”

“எந்த மாசமும் வராதுங்க. கேசட்டுங்க அது. உள்ள எழுதினது எழுதினதுதானுங்க.”

பிறகு, “அப்ப அந்த நாய் சாகற வரைக்கும் இப்படித்தான் தொரத்துமுங்களா?” என்றார்.

அது சாகாதுங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. இந்தப் போனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கம்பெனிகளில் உங்களைப் போன்றவர்கள் ஏதாவது தப்பைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த வாரம் ஓசையில்லாமல் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் தப்பு பெட்டிக்குள் பத்திரமாக, கண்ணாடித்தாள் சுற்றி, வாங்கியவர் வீட்டு அலமாரியில் பல வருடம் உட்கார்ந்திருக்கும். சிலர் அதைத் துடைத்தும் வைப்பார்கள்.

எனக்கு முன்னால், ஆடிப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் இந்தச் சோதனை நாற்காலியில் இருந்தவள் என்னைவிடச் சின்னவள். கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். பெயர் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. முதல் நாள் நான் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கிணற்றில் நாலு தரம் விழுந்தேன். “அக்கா, நீங்க இந்த வேலைக்குன்னே பொறந்தவங்க,” என்றாள். கிண்டல் என்று நினைத்து முகம் சுருங்கினேன். “நெசமாத்தாங்க்கா. நல்லா ஆடறவங்க கெணத்தத் தாண்டிப் போயிருவாங்க. கெணத்துக்குள்ள என்ன கோளாறு இருக்குதுன்னு அவங்களுக்கு எப்பவுமே தெரியாது. நீங்க விழுவீங்க.” என் வாழ்க்கையில் என் திறமையைக் குறித்து வந்த முதல் பாராட்டு அது. இன்று வரை அதைவிடப் பெரியது வரவில்லை.

இனி பொட்டு. இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஒரு ஆட்டம் எழுதி முடிந்ததும் முதல் கேசட் ஒன்று தயாராகும். அதற்குத் தாய் கேசட் என்று பெயர். அதைப் பார்த்துத்தான் மற்ற கேசட்டுகளின் சிப்புகள் அத்தனையும் பட்டறையில் எழுதப்படும். தாய் கேசட்டைத் திருத்தலாம், அவற்றை எழுதிய பிறகு அழிக்க முடியாது. அந்தத் தாய் கேசட்டைச் சாமி படத்தின் முன் வைத்து, சோதனை செய்தவர் தன் கையால் அதற்குக் குங்குமப் பொட்டு வைக்க வேண்டும். மற்ற கம்பெனிகளில் கையெழுத்துப் போடுவார்கள். இங்கே பொட்டு. வைத்தால் பட்டறைக்குப் போகும், வைக்காவிட்டால் போகாது. அண்ணன் ஆரம்பித்த வழக்கம். லாரி வாங்கினாலும் மோட்டார் வாங்கினாலும் பொட்டு வைக்கிறோம், இதற்கு வைக்கக்கூடாதா என்பது அவர் வாதம். பொட்டு வைக்கிற விரல் யாருடையதோ, பழியும் அவருடையது என்பதை அவர் வாதத்தில் சேர்ப்பதில்லை.

நான் சொல்ல வருவது நான் வைக்காமல் விட்ட பொட்டைப் பற்றி.

ஆட்டத்தின் பெயர் தீர்த்தக்குடம். கொடுமுடிக் காவிரியில் ஒருவன் குடத்தில் தீர்த்தம் எடுக்கிறான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு தன் ஊர்க் கோயில் வரை நடக்கிறான். வழியில் கிணறு, நாய், மணல் லாரி, ரோட்டோரம் காயப்போட்ட சோளம், குறுக்கே வரும் மயில். தண்ணீர் சிந்தக்கூடாது. பத்து லெவல். கடைசியில் கோயில் கதவு திறக்கும், மணி அடிக்கும். நடுவில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. அந்தக் காலத்து ஆட்டங்களில் கிடையாது, அதனால் இதிலும் கிடையாது. இல்லாத வசதியைச் சிறப்பு என்று அட்டையில் அச்சடித்து விற்பது நம் தொழிலின் உயிர்நாடி.

எழுதியவன் கோகுல். கொடுமுடிக்காரன். கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள், அவனும் சொல்வான். நான் பிரசவ லீவு முடிந்து திரும்பிய சமயம் அது. பிரசவ லீவு முடிந்து வரும் பெண்ணை அலுவலகம் எப்படி வரவேற்கும் என்று உங்களில் சிலர் பின்னால் தெரிந்துகொள்வீர்கள். எல்லோரும் ரொம்ப அன்பாக இருந்தார்கள். ஒரே விஷயத்தை இரண்டு தரம் சொன்னார்கள். மெதுவாகச் சொன்னார்கள். நான் பேனாவைத் தேடினால், “பரவால்லக்கா, கொழந்த பொறந்தா மறதி வரும்,” என்று ஆறுதல் சொன்னார்கள். பேனாவை எடுத்துப் போனதே அவர்கள்தான்.

பாதி நாட்கள் வீட்டிலிருந்து சோதிக்கலாம் என்று அண்ணன் அனுமதித்தார். ஒரு நாள் வீட்டில் ஏழாவது லெவலில் நின்றிருந்தேன். பாப்பா அழுதாள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஆட்டம் அப்படியே நிற்கும். நிறுத்திவிட்டு அவளைத் தூக்கினேன். பால் கொடுத்தேன். அவள் தூங்கினாள். நானும் தூங்கிவிட்டேன். எழுந்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. துளி சிந்தாமல் கோயிலுக்கு வந்து சேர்ந்தேன். கதவு திறக்கவில்லை.

முட்டிப் பார்த்தேன். குதித்துப் பார்த்தேன். திரும்பிப் போய் மறுபடி வந்தேன். அந்த மனிதன் தலையில் நிறைகுடத்தோடு பூட்டிய கோயில் முன் நின்றுகொண்டே இருந்தான். அணைத்துவிட்டு முதலிலிருந்து நடுவில் நிறுத்தாமல் ஆடினேன். கதவு திறந்தது.

மறுநாள் கோகுலிடம் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, “கன்ட்ரோலர் எங்க இருந்துச்சுக்கா?”

“பாப்பா பக்கத்துல.”

“கடிச்சாளா?”

கடித்திருக்கலாம். எழுந்தபோது கன்ட்ரோலரில் எச்சில் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாமோ என்று பிறகு தோன்றியது.

“அப்ப முடிஞ்சுதுக்கா. கொழந்த வாயில போட்டதுக்கெல்லாம் என்ற புரோகிராமு பொறுப்பாகாது,” என்றான். ஆனாலும் நியாயஸ்தன். என் கண் முன்னாலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து, தொடர்ந்து ஆடிக் காட்டினான். கதவு திறந்தது. “பாத்தீங்களா?” என்றான். பார்த்தேன்.

வீட்டில் மறுபடி முயன்றேன். நிறுத்தி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். அத்தை, அதாவது என் மாமியார், டிவியை அணைத்துவிட்டார். ஆள் பார்க்காத டிவி எதற்கு ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. “வேலைங்கத்தே அது,” என்றேன். “நின்னுட்டு இருக்கற படத்தப் பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?” என்று கேட்டார். உண்மையில் அதற்கும்தான் கொடுக்கிறார்கள். அடுத்த முறை பாப்பா பவர் ஒயரைப் பிடுங்கினாள். அதற்குள் பொட்டு வைக்கும் நாள் வந்துவிட்டது. தாய் கேசட் கடைசி மெருகுக்காகக் கோகுலிடம் போய்விட்டது.

இந்த முறை பொட்டு சாதாரணப் பொட்டு இல்லை. மகன் செய்வது என்னவென்று பார்க்க அண்ணனின் அப்பா முதல் முறையாக வெள்ளகோவிலிலிருந்து வருகிறார். கூடவே சித்தப்பா, அத்தை, மாமன் என்று ஒறம்பரை ஒரு வேன் நிறைய. நல்ல நேரம் பார்த்தாயிற்று. பட்டறைக்காரர் தன் பட்டறையில் சிப்புகளோடு காத்திருந்தார். கூடத்தில் பெரிய டிவி, மாலை போட்ட சாமி படம், இட்லி, ஒப்பிட்டு என்கிற போளி, மடக்கு நாற்காலிகள். பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லாக்கா காலிப் பெட்டிகளை மலையாக மடித்து அடுக்கி வைத்திருந்தார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அவர் மடித்த பெட்டி மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள். “உக்காருங்க, உக்காருங்க. நசுங்குனா நான்தான மடிக்கப்போறேன்,” என்றார்.

அண்ணன் என் கையில் தட்டைக் கொடுத்தார். “அம்மணி, வைங்க.”

குங்குமத்தை விரலில் எடுத்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் அங்கே நின்றபடி நினைத்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பொட்டு வைத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. கதவு பிரச்சினை உண்மையாக இருந்தாலும், பிள்ளைக்காரி தூங்கிப்போனாள் என்று எனக்கே பிறகு ஒரு சாக்கு இருக்கும். வைக்காமல், அது பொய்யாக இருந்தால், இனி இந்த அலுவலகத்தில் என் வாயிலிருந்து வரும் எதையும் எச்சிலோடு சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஆக, வைப்பதுதான் எல்லா வகையிலும் புத்திசாலித்தனம்.

“ஒரு சந்தேகமுங்கண்ணா,” என்றேன்.

ஒப்பிட்டு மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியூரிலிருந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு தகவல். மற்ற ஊர்களில் கோபம் வந்தால் மரியாதை குறையும். நம் கோயம்புத்தூரில் கூடும். அண்ணன் என்னைச் சாதாரணமாக, “அம்மணி, அதைப் பாரும்மா,” என்பார். அன்று, “சொல்லுங்க அம்மணி. என்னங்க சந்தேகமுங்க? தாராளமா சொல்லுங்க,” என்றார். மூன்று ‘ங்க’வுக்கு மேல் போனால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

சொன்னேன். நடுவில் ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தால் கோயில் கதவு திறக்காமல் போகலாம் என்று.

“அவ்வளவு நேரம் யாருங்க நிறுத்தி வெப்பாங்க?”

“சேவ் பண்ண முடியாத ஆட்டமுங்கண்ணா. சாப்பிடக் கூப்புட்டா நிறுத்தித்தானுங்க வெப்பாங்க. அணைச்சா மறுபடி ஆத்துல இருந்து வரோணும்.”

கோகுல் குறுக்கிட்டான். “அண்ணா, நான் பாத்துட்டேன். டீ குடிச்சுட்டு வந்து ஆடுனேன். தொறக்குது. அக்கா ஊட்டுல பாப்பா கன்ட்ரோலரக் கடிச்சுப்போட்டா.”

கூடம் சிரித்தது. அன்பான சிரிப்புதான். குழந்தை என்ற சொல்லைக் கேட்டாலே சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அதற்கு எதிராக வாதம் செய்வது ரொம்பக் கஷ்டம்.

கடைசியில் அண்ணனே ஒரு வழி சொன்னார். ஒறம்பரை எப்படியும் சாப்பிட வேண்டும். கோகுல் எல்லோர் முன்னாலும் ஆடட்டும், ஏழாவது லெவலில் நிறுத்தி வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடட்டும், வந்து ஆடி முடிக்கட்டும். நல்ல நேரம் அதற்குள் முடியாது. நியாயமான யோசனை. கோகுல் ஆடினான். முதலில் மரியாதைக்குப் பார்த்தவர்கள் நாலாவது லெவலில் எழுந்து நின்று கத்தினார்கள். “கொடத்தப் பாரு, கொடத்தப் பாரு!” “டேய், மயிலு வருதுடா!” அண்ணனின் அப்பா முதல் வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடம் தன் தலையில் இருப்பது போலக் கழுத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஏழாவதில் நிறுத்தினான். சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை. விரலில் குங்குமம் இருந்தது, அதை எங்கே துடைப்பது என்று தெரியவில்லை. கை கழுவி வந்து கோகுல் தொடர்ந்தான். கோயிலுக்கு வந்தான்.

கதவு திறந்தது. மணி அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மாமன் ஒருவர் விசிலடித்தார்.

“இப்பச் சரிங்களா அம்மணி?” என்று அண்ணன் தட்டை மறுபடி நீட்டினார். கோபம் போயிருந்தது. வார்த்தையில் ஒரு ‘ங்க’தான் இருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நான் பயந்த சுபாவம். இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, பாப்பாவுக்கு நெற்றி சுடுகிறதா என்று நாள் முழுக்க எனக்குள் ஒரு ஆபீஸ் நடந்துகொண்டிருக்கும். அதற்கு ஞாயிறு லீவு கூடக் கிடையாது. பயந்த சுபாவக்காரருக்கு உள்ள சிரமம் பயம் இல்லை. எல்லாப் பயமும் ஒரே குரலில் பேசும் என்பதுதான். எதைக் கேட்பது, எதை விடுவது என்று தெரியாது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். பாதி வழியில் திரும்பிப் போய் அடுப்பைப் பார்ப்பேன், அணைந்திருக்கும், அந்த நொடியே உடம்பு லேசாகிவிடும். வெட்கமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். அன்று கோயில் கதவு எல்லோர் கண் முன்னாலும் திறந்தபோது எனக்கு வெட்கம் மட்டும் வந்தது. சந்தோஷம் வரவில்லை. உடம்பு லேசாகவில்லை. நான் பயந்த விஷயத்தை அவர்கள் இன்னும் பார்க்கவே இல்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.

“இல்லீங்கண்ணா,” என்றேன். “நான் வெக்கலீங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுவும் நல்லதுக்கு இல்லை.

அண்ணன் ரொம்ப அமைதியாகப் பேசினார். “சரிங்க. உங்களுக்கு மனசில்லீன்னா விட்டுருங்க. வற்புறுத்தறது தப்புங்க. கோகுல் வெக்கட்டுமுங்க. அவன் எழுதுன ஆட்டந்தானுங்க.” என்னிடம் நீட்டியிருந்த தட்டை மெதுவாகத் திருப்பிக் கோகுலிடம் கொடுத்தார். அவ்வளவுதான். நாளை முதல் சோதனை நாற்காலிக்கு வேறு யாராவது வருவார்கள் என்று எனக்குப் புரிந்தது. என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

கோகுல் தட்டை வாங்கினான். விரலை நீட்டினான். பிறகு என் பக்கம் திரும்பி, எரிச்சலோடுதான் கேட்டான்: “எவ்வளவு நேரந்தாங்க்கா நிறுத்தி வெச்சீங்க அன்னைக்கு?”

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. வேலை நேரத்தில் தூங்கினேன் என்று யார் சொல்வார்கள், அதுவும் முதலாளியின் அப்பா முன்னால்?

“தெரியாது கோகுலு. நான் தூங்கிட்டேன்.”

“கொஞ்ச நேரமா?”

“பாப்பா ராத்திரி பூராத் தூங்கவே விடல. படுக்கறப்ப வெயிலு சமையக்கட்டு ஜன்னல்ல இருந்துச்சு. எந்திரிக்கறப்ப எதிர்ச் சொவத்துக்குப் போயிருந்துச்சு. அத்தை வந்து சாயங்காலக் காப்பிப் பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க.”

கோகுலின் முகத்தில் எரிச்சல் அப்படியே இருந்தது, ஆனால் கண் மட்டும் வேறு எங்கோ போய்விட்டது. அவன் மனதுக்குள் ஏதோ எண்ணுவது தெரிந்தது. உதடு அசைந்தது. பிறகு தட்டைச் சாமி படத்தின் முன்னால் வைத்தான்.

“அண்ணா, மறுக்கா ஒரு தடவ பாத்துருவோங்க. இந்தத் தடவ நிறுத்திட்டு விட்டுருவோங்க. யாரும் தொடக்கூடாது.”

“நல்ல நேரம் போயிருமேடா.”

“போவட்டுங்கண்ணா.”

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரொம்பச் சந்தோஷமுங்க,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நம் ஊரில் இதைவிட மோசமான வார்த்தை கிடையாது.

கோகுல் ஆற்றிலிருந்து ஆரம்பித்து ஏழாவது வரை ஆடி நிறுத்தினான். அதன் பிறகு நடந்தது என்னவென்றால், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கூடம் நிறைய மனிதர்கள் நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் அத்தை பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்திருப்பார். ஒறம்பரையில் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் உட்கார்வது போல உட்கார்ந்து பழமை பேசினார்கள். யாருக்கு எங்கே பொண்ணு பார்க்கிறார்கள், தேங்காய் என்ன விலை போகிறது, எல்லாம் பேசி முடித்தார்கள். பிறகு மறுபடி பேசினார்கள். சித்தப்பா ஒருவர் என் கணவருக்கு எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, “அவரு ஒண்ணுஞ் சொல்றதில்லீங்களா?” என்று பொதுவாகக் கேட்டார். ஸ்டெல்லாக்கா என் பக்கத்தில் வந்து ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார்.

“கண்ணு, நெசமாவே தொறக்காதா?”

“தெரியலக்கா.”

“தெரியாமயா இவ்வளவு பேரையும் உக்கார வெச்சிருக்கற?”

“ஆமாங்க்கா.”

“ம்.” சற்று யோசித்தார். “நான் வேணா மாதாவ வேண்டிக்கறேன். ஆனா தொறக்கோணும்னு வேண்டறதா, தொறக்கக்கூடாதுன்னு வேண்டறதா? அதச் சொல்லு.”

இன்று வரை எனக்கு அதற்கு விடை தெரியாது. திறக்கக்கூடாது என்றுதான் உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். ஒருவனுடைய பல மாத உழைப்பு பாழாக வேண்டும் என்று ஆசைப்படும் வேலை இது. சம்பளத்தோடு சேர்த்து இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டிலிருந்து அத்தை இரண்டு தரம் போன் செய்தார். பாப்பா சாப்பிட்டாள், பாப்பா மறுபடி சாப்பிட்டாள். கரண்டு ஒரு தரம் மினுக்கியது. கூடமே மூச்சைப் பிடித்தது. யுபிஎஸ் காப்பாற்றியது. பட்டறைக்காரர் போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை.

ஒறம்பரை கிளம்ப ஆரம்பித்தது. வேன் டிரைவர் வந்து ஹாரன் அடித்தார். அண்ணனின் அப்பா மட்டும் எழுந்திருக்க மறுத்துவிட்டார். “தீர்த்தம் போய்ச் சேரட்டும், அப்பறம் வாரேன்,” என்றார். நாற்காலியில் சாய்ந்து தூங்கியும் போனார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

வெயில் நன்றாகச் சாய்ந்த பிறகு கோகுல் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தான். எட்டாவதில் நாயைத் தாண்டினான். ஒன்பதாவதில் மயில். பத்தாவதில் சோளம் காய்கிற ரோடு. பெரியவர் விழித்துக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சத்தம் கேட்டு அண்ணனும் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். துளி சிந்தவில்லை. கோபுரம் வந்தது. படி ஏறினான். கதவின் முன் நின்றான்.

நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

கோகுல் ஒரு பட்டனையும் அழுத்தவில்லை. முட்டிப் பார்க்கவில்லை, குதித்துப் பார்க்கவில்லை. அவனுக்குக் கணக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. “நிறுத்துனாலும் உள்ள ஒரு கடிகாரம் ஓடிட்டே இருந்துருக்குதுங்கண்ணா,” என்றான் மெதுவாக. “நான்தான் அத நிறுத்தாம உட்டுட்டேன். அதுல கணக்கு நெரம்பிருச்சுன்னா கதவு தொறக்காதுங்க.”

அண்ணனின் அப்பா எழுந்து டிவி அருகில் போனார். கதவைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்துத் திரும்பினார்.

“ஏண்டா, பூட்டிட்டுப் போயிட்டாங்களா?”

“இல்லீங்கப்பா, அது வந்து…”

“கொடுமுடியில இருந்து தண்ணி சிந்தாமக் கொண்டாந்துருக்கறான். நடுவுல செத்த நேரம் ஒக்காந்தான்னு கதவு தொறக்கலீன்னா என்னடா கோயிலு அது?”

அவருக்கு உண்மையிலேயே கோபம். மகன் செய்வது பொம்மை என்பது அவருக்கு அப்போது மறந்துபோயிருந்தது. அண்ணனுக்கு அது உறைத்தது என்று நினைக்கிறேன். அப்பாவையும், டிவியையும், தட்டையும் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்துப் பட்டறைக்குப் பேசினார்.

“இன்னைக்கு வேண்டாமுங்க. சிப்பெல்லாம் எடுத்து உள்ள வெச்சுருங்க. இல்லீங்க, இல்லீங்க. நல்ல நேரமெல்லாம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. கோயில் தொறக்கலீங்க.”

அந்தப் பக்கம் என்ன புரிந்ததோ தெரியாது. இரண்டு தரம் திருப்பிச் சொன்னார்.

யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை; எதிர்பார்க்கவும் வேண்டாம். மறுநாள் அண்ணன், “அம்மணி, அந்த நல்ல நேரம் மறுபடி அமையறதுக்கு ரொம்ப நாளாகுமாம்,” என்று சொன்னார், நான்தான் பஞ்சாங்கத்தை அச்சடித்தவள் போல. கோகுல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் மேசையில் ஒரு பேனாவை வைத்துவிட்டுப் போனான். என் பேனாதான்.

சரிசெய்த கேசட்டை நானே கூடத்தில் வைத்து ஆடினேன். ஏழாவதில் நிறுத்தினேன். இந்த முறை தூங்கவில்லை. ஸ்டெல்லாக்காவோடு பெட்டி மடித்துக்கொண்டு வெயில் நகர்வதைப் பார்த்தேன். சாயங்காலம் தொடர்ந்தேன். கதவு திறந்தது. உடம்பு லேசானதா என்று கவனித்தேன். ஆனது. முழுவதும் இல்லை. கோகுல் இதைச் சரிசெய்யும்போது வேறு எதையாவது கெடுத்திருந்தால், மூன்றாவது லெவலில் நிறுத்தினால் என்ன ஆகும், முதல் லெவலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குள் இருக்கும் ஆபீஸ் உடனே திறந்துவிட்டது. அவற்றையும் நாள்கணக்கில் பார்த்தேன். அதன் பிறகும் மிச்சம் இருந்ததை ‘அடுப்பை அணைத்தேனா’ கணக்கில் எழுதிக்கொண்டேன். மிச்சம் எப்போதும் இருக்கும். மிச்சம் இல்லாத நாளில் பொட்டு வைக்கலாம் என்று காத்திருந்தால் ஒரு கேசட்டும் வெளியே போகாது.

ஒறம்பரை இல்லை, ஒப்பிட்டு இல்லை. சாதாரண மத்தியானம். அண்ணன் தட்டை என்னிடம் கொடுத்தார். கோகுல் சுவரோரம் கையைக் கட்டி நின்றான். குங்குமத்தை எடுத்து வைத்தேன். பொட்டு நடுவில் விழாமல் ஓரமாக, சற்று இழுபட்டு விழுந்தது.

ஸ்டெல்லாக்கா எட்டிப் பார்த்தார். “கோணையாட்ட இருக்குது கண்ணு. தொடச்சுட்டு மறுக்கா வெக்கறயா?”

வேண்டாமுங்க்கா என்றேன்.